பேரனின் விண்வெளிப் போரும் நம்மூர்த் தும்பாவும்

சென்ற விடுமுறையில் ஒரு நாள் மாலை, ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் பேரன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். வழக்கத்துக்கு மாறாக எனக்குக் காப்பி எல்லாம் கொண்டு வந்து கொடுத்தான். ஏதோ காரியம் இருக்கிறது என்று எனக்குப் புரிந்துவிட்டது.

"தாத்தா, எனக்கு ஒரு விண்வெளிக் கப்பல் வாங்கித் தருவீங்களா?" என்றான்.

முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ரயில்வேயில் கேரேஜ் அண்டு வேகன் பிரிவில் இருந்தவன் நான். ஒரு பெட்டிக்கு என்ன விலை ஆகும் என்று தெரியும். விண்வெளிக் கப்பலின் விலை தெரியாது. விசாரித்த பிறகுதான் விஷயம் விளங்கியது. அவன் கேட்டது கம்ப்யூட்டர் விளையாட்டில் வரும் கப்பல். கையால் தொட முடியாது. ஆனால் கொடுக்க வேண்டிய பணம் மட்டும் நிஜம்.

நம் சங்கத்துக் குடும்பங்கள் பலவற்றிலும் இதே வயதில் பிள்ளைகள் இருக்கிறார்கள். இதே கேள்வி அங்கும் வரலாம். ஆகவே நான் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதை அன்பர்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

எந்த விளையாட்டு?

பேரன் காத்திருக்கும் விளையாட்டின் பெயர் 'ஸ்குவாட்ரன் 42'. இதை உருவாக்குபவர் கிறிஸ் ராபர்ட்ஸ் என்பவர். 1990இல் 'விங் கமாண்டர்' என்ற விண்வெளிப் போர் விளையாட்டைத் தந்து பெயர் வாங்கியவர். 2012ஆம் ஆண்டு அக்டோபரில் 'ஸ்டார் சிட்டிசன்', 'ஸ்குவாட்ரன் 42' என்று இரட்டைப் பிள்ளைகளைப் போல இரண்டு விளையாட்டுகளை அறிவித்தார். முதலாவது, உலகெங்கும் இருந்து பலர் ஒரே நேரத்தில் சேர்ந்து ஆடுவது. இரண்டாவது, ஒருவரே தனியாக ஆடும் கதை. எதிர்காலத்தில் மனிதகுலத்தின் கடற்படையைப் போன்ற ஒரு விண்படை இருக்கிறது. அதில் புதிதாகச் சேர்ந்த இளம் விமானி, வாண்டூல் என்னும் அயல் இனத்தோடு போரிடுகிறான். ஆடுகிறவர்தான் அந்த விமானி. மார்க் ஹாமில், கேரி ஓல்டுமேன், கில்லியன் ஆண்டர்சன் போன்ற திரைப்பட நடிகர்கள் இதில் நடித்திருக்கிறார்கள். அவர்கள் உடலசைவையும் முகபாவத்தையும் கருவிகளால் பதிவு செய்து கம்ப்யூட்டர் பாத்திரங்களுக்கு ஏற்றியிருக்கிறார்கள்.

முதலில் இது 2014இல் வரும் என்றார்கள். வரவில்லை. பிறகு சொன்ன தேதிகளும் கடந்து போயின. 2024 அக்டோபரில், 2026இல் வெளிவரும் என்று அறிவித்தார்கள். விளையாட்டு அறிவிக்கப்பட்டபோது என் பேரன் கைக்குழந்தை. இப்போது அவனுக்கு மீசை அரும்புகிறது.

பணம் எங்கிருந்து வந்தது?

ரயில்வேக்காரன் முதலில் கேட்பது இதைத்தான். ஒரு பாலம் பத்து வருஷமாக எழும்பிக்கொண்டே இருந்தால், செலவு யாருடையது என்று கேட்காமல் இருக்க முடியுமா?

இந்த விளையாட்டுக்குப் பெரும் பணம் ரசிகர்களிடமிருந்துதான் வந்தது. பொருள் தயாராகும் முன்பே, அதை விரும்புகிறவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு உதவுவதற்குக் 'கிரவுட் ஃபண்டிங்' என்று பெயர். நம் ஊரில் கோயில் திருப்பணிக்கு வசூல் செய்வது போல. 2024 மே மாதத்திலேயே இவ்வாறு சேர்ந்த தொகை 70 கோடி டாலரைத் தாண்டிவிட்டது. பணம் போடுகிறவர்களுக்கு 'ஸ்டார் சிட்டிசன்' விளையாட்டில் ஓட்டுவதற்குக் கப்பல்கள் தருகிறார்கள். சில பத்து டாலர்களில் தொடங்கி, நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் விலை ஏறும். 2018இல் ஏறக்குறைய எல்லாக் கப்பல்களும் அடங்கிய ஒரு தொகுப்புக்கு 27,000 டாலர் விலை வைத்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதில் மோசடி என்று நான் சொல்ல வரவில்லை. பாதி முடிந்த 'ஸ்டார் சிட்டிசனை'ப் பல லட்சம் பேர் ஆடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆனால் பெற்றோர் ஒன்றை மனத்தில் வைக்க வேண்டும். கடையில் பொருள் வாங்குவது வேறு; வரப்போகும் பொருளுக்கு உதவித்தொகை கொடுப்பது வேறு. இரண்டாவதில் தேதிக்கு உத்தரவாதம் இல்லை. திருப்பணி உண்டியலில் போட்ட காசுக்குக் கும்பாபிஷேகத் தேதி கேட்டு யாரும் வழக்குப் போடுவதில்லை. அந்த மனநிலை இருந்தால் மட்டும் கொடுக்கலாம். பிள்ளைகளின் கையில் அப்பாவின் கார்டு எண் இருக்கும் வீடுகளில் இதைத் தெளிவாகப் பேசிவிடுவது நல்லது.

விண்வெளிப் போர் என்ற பழைய ஆட்டம்

இந்த ஆசை இன்று தோன்றியது அல்ல. 1962ஆம் ஆண்டில், அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிறுவனத்தில், ஸ்டீவ் ரஸ்ஸல் என்ற இளைஞரும் அவர் நண்பர்களும் 'ஸ்பேஸ்வார்' என்ற விளையாட்டை எழுதினார்கள். பி.டி.பி.-1 என்ற கம்ப்யூட்டர் அது. அலமாரி அலமாரியாக ஓர் அறையில் நின்றது. அதன் வட்டத் திரையில் இரண்டு சிறு கப்பல்கள், ஒன்றை ஒன்று சுட்டன. நடுவில் ஒரு நட்சத்திரம். அந்த நட்சத்திரத்துக்கு ஈர்ப்பு விசை உண்டு. அருகே போனால் இழுத்துக்கொள்ளும். பின்னணியில் தெரிந்த நட்சத்திரங்களும் வானத்தில் இருக்கும் உண்மையான வரைபடப்படியே அமைந்திருந்தன. ஆக, உலகின் மிகப் பழைய கம்ப்யூட்டர் விளையாட்டுகளுள் ஒன்றே விண்வெளிப் போர்தான். அதுவும் நியூட்டன் விதிகளுக்குக் கட்டுப்பட்ட போர்.

1984இல் இங்கிலாந்தின் இரு மாணவர்கள் செய்த 'எலைட்' இன்னொரு அதிசயம். 32 கிலோபைட் நினைவகமே இருந்த கம்ப்யூட்டரில் 8 விண்மீன் மண்டலங்கள், ஒவ்வொன்றிலும் 256 கோள்கள். அவ்வளவையும் எங்கே எழுதி வைத்தார்கள்? எழுதி வைக்கவில்லை. ஒரு கணிதச் சூத்திரத்தைக் கொடுத்து, தேவைப்படும்போது கோளைக் கணக்கிட்டு வரவழைத்தார்கள். சிக்கனத்தில் நம் பாட்டிமாரையும் மிஞ்சியவர்கள்!

இனி நம்மூருக்கு வருவோம். 'ஸ்பேஸ்வார்' பிறந்த மறு ஆண்டு, 1963 நவம்பர் 21ஆம் தேதி, நம் தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் புறப்பட்டது. பூமியின் காந்த நடுக்கோடு இந்த ஊருக்கு மிக அருகே செல்வதால்தான் டாக்டர் விக்ரம் சாராபாய் இந்த மீனவர் கிராமத்தைத் தேர்ந்தெடுத்தார். அந்தக் கோட்டின் மேலே உயர் வளிமண்டலத்தில் ஓடும் மின்னோட்டத்தை ஆராய்வதற்கு ஏற்ற இடம் அது. ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரேரா ஆதரவளிக்க, புனித மரிய மகதலேனாள் தேவாலயமும் ஆயர் இல்லமும் விஞ்ஞானிகளின் பணியிடங்களாயின. முதல் ராக்கெட், அமெரிக்கா கொடுத்த 'நைக் அப்பாச்சி'. அதைப் பொருத்தும் பொறுப்பில் இருந்தவர்களில் ஒருவர் ராமேசுவரத்துத் தமிழர், அப்துல் கலாம். கடைசி நேரத்தில் கிரேன் தகராறு செய்யவே, எல்லோரும் சேர்ந்து ராக்கெட்டைக் கைபலத்தால் தூக்கி நிறுத்தியதை அவர் தம் வாழ்க்கை வரலாற்றில் சொல்லியிருக்கிறார். அந்தத் தேவாலயக் கட்டடம் பின்னர் விண்வெளி அருங்காட்சியகம் ஆயிற்று. பேரனை ஏற்கனவே ஒருமுறை அங்கே அழைத்துப் போயிருக்கிறேன். அப்போது அவனுக்கு ஐஸ்கிரீம்தான் முக்கியமாக இருந்தது.

விளையாட்டில் எது நிஜம், எது கதை?

"இதில் வருவதெல்லாம் உண்மையா தாத்தா?" என்று அவன் கேட்டபோதுதான் எனக்கு உற்சாகம் வந்தது. என்ஜினியரிடம் கேட்க வேண்டிய கேள்வி அதுதானே.

முதலாவது, சத்தம். சினிமாவிலும் விளையாட்டிலும் விண்வெளியில் குண்டு வெடித்தால் காது கிழியும். உண்மையில் அங்கே காற்று இல்லை; ஒலி பரவ வழியில்லை. ஒரு கப்பல் வெடித்துச் சிதறினாலும் அடுத்த கப்பலில் இருப்பவனுக்கு ஒன்றும் கேட்காது.

இரண்டாவது, பிரேக். ரயிலில் டிரைவர் பவரை நிறுத்திய பின்னும் வண்டி வெகுதூரம் உருளும். பிரேக் கட்டை சக்கரத்தை உரசி, சக்கரம் தண்டவாளத்தைப் பற்றினால்தான் நிற்கும். விண்வெளியில் உரசுவதற்கு என்ன இருக்கிறது? தண்டவாளமும் இல்லை, காற்றும் இல்லை. ஒருமுறை தள்ளிவிட்டால் போய்க்கொண்டே இருக்கும். நிற்க வேண்டுமானால், எவ்வளவு வேகமாகப் போகிறதோ அதற்குச் சமமாக எதிர்த்திசையில் ராக்கெட்டை இயக்க வேண்டும். இதுதான் நிலைமம் என்று பள்ளியில் நாம் படித்தது. விளையாட்டுகளில் பெரும்பாலும் ஆகாய விமானத்தைப் போலக் கப்பல் சாய்ந்து திரும்பும். கைப்பிடியை விட்டால் தானே நின்றுவிடும். அது கதை. 'ஸ்டார் சிட்டிசனில்' இதைக் கொஞ்சம் நேர்மையாகச் செய்திருக்கிறார்கள். கப்பலின் கம்ப்யூட்டர் எதிர் உந்துதல் கொடுத்து நிறுத்துவதாக அமைப்பு. அந்த வசதியை அணைத்துவிட்டால், கப்பல் முகத்தைத் திருப்பினாலும் பழைய திசையிலேயே மிதந்து போகும். ஆனால் அங்கும் வேகத்துக்கு ஓர் உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். இல்லாவிட்டால் சண்டை போடுகிற இருவரும் கண்ணுக்கே தெரியாத தூரத்துக்குப் போய்விடுவார்கள்.

மூன்றாவது, எரிபொருள். ராக்கெட்டின் எடையில் பெரும்பகுதி எரிபொருளே. அந்த எரிபொருளைத் தூக்கிச் செல்ல மேலும் எரிபொருள் வேண்டும். அதனால் நிஜ விண்கலத்தில் ஒவ்வொரு திருப்பமும் பைசா கணக்குப் பார்த்துச் செய்வது. மனம்போனபடி வளைந்து நெளிந்து துரத்தும் வசதி விளையாட்டுக்கு மட்டும்தான்.

துரத்த வேண்டுமானால் வேகத்தைக் குறை!

நான்காவதுதான் மிகவும் வேடிக்கையானது. பூமியைச் சுற்றும் இரு கலங்கள் ஒரே பாதையில் முன்னும் பின்னுமாகப் போகின்றன. பின்னால் இருப்பது முன்னதைப் பிடிக்க வேண்டும். என்ன செய்ய வேண்டும்? வேகத்தைக் கூட்ட வேண்டும் என்று பேரன் சொன்னான். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். தண்டவாளத்தில் அது சரி.

ஆனால் சுற்றுப்பாதையில் வேகத்தைக் கூட்டினால் கலம் உயரமான பாதைக்கு ஏறிவிடும். உயரப் பாதையில் சுற்றும் தூரம் அதிகம், சராசரி வேகமும் குறைவு. முடிவில் முன்னதை விட்டு இன்னும் பின்தங்கிப் போகும். மாறாக, வேகத்தைச் சற்றுக் குறைத்தால் கலம் தாழ்ந்த பாதைக்கு இறங்கும். அங்கே சுற்று சிறியது, வேகமும் அதிகம். முன்னதை எட்டிப் பிடிக்கலாம். பிறகு சரியான சமயத்தில் மேலே ஏறிச் சேர வேண்டும். 1965 ஜூனில் அமெரிக்காவின் ஜெமினி-4 கலத்தில் சென்ற மெக்டிவிட், தம் ராக்கெட்டின் கழன்ற பாகத்தை நேராகக் குறிபார்த்து நெருங்க முயன்றார். முடியாமல் எரிபொருள்தான் கரைந்தது. அந்தப் பாடத்துக்குப் பிறகு, 1966 மார்ச் 16ஆம் தேதி ஜெமினி-8இல் ஆர்ம்ஸ்ட்ராங்கும் ஸ்காட்டும் உலகில் முதல் முறையாக இரு கலங்களை விண்வெளியில் இணைத்தார்கள்.

நாம் செய்த இணைப்பு

இனிச் சொல்வது நம் நாட்டுக் கதை. இதில் நம் திருவனந்தபுரத்துக்கும் பங்கு உண்டு.

2024 டிசம்பர் 30ஆம் தேதி, ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. சி-60 ராக்கெட் 'ஸ்பேடெக்ஸ்' என்னும் திட்டத்தின் இரு செயற்கைக்கோள்களை ஏற்றிச் சென்றது. ஒவ்வொன்றும் சுமார் 220 கிலோ. ஒன்று துரத்துவது, மற்றது துரத்தப்படுவது. இரண்டும் சுமார் 475 கி.மீ. உயரத்தில், வினாடிக்கு ஏறக்குறைய 7.6 கி.மீ. வேகத்தில் பூமியைச் சுற்றிக்கொண்டே ஒன்றோடு ஒன்று கைகோக்க வேண்டும். பி.எஸ்.எல்.வி. உருவான இடம் தும்பாவின் விக்ரம் சாராபாய் விண்வெளி மையம். செயற்கைக்கோள்களைப் பெங்களூரு மையம் செய்தது. அதற்குத் துணைநின்றவற்றில் தும்பா மையமும், வலியமலையின் திரவ உந்து அமைப்பு மையமும், வட்டியூர்க்காவில் உள்ள நிலைமக் கருவிகள் பிரிவும் அடங்கும்.

ஜனவரி 7, 9 ஆகிய இரு தேதிகளும் தள்ளிப்போயின. 12ஆம் தேதி இரண்டையும் 15 மீட்டர் வரை, பிறகு 3 மீட்டர் வரை நெருங்கவிட்டார்கள். கைக்கெட்டும் தூரம். வீட்டில் எல்லோரும் "இதோ, இதோ" என்று செய்தியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஆனால் இணைக்கவில்லை, விவரங்களை ஆராய்வதற்காகப் பின்னுக்கு நகர்த்திவிட்டார்கள். 16ஆம் தேதி மறுபடி நெருங்கி இணைத்தார்கள். கடைசிக் கட்டத்தில் நெருங்குவதற்குத் திட்டமிட்ட வேகம் வினாடிக்கு ஒரு சென்டிமீட்டர்! ஒரு மணி நேரத்துக்கு 36 மீட்டர். நத்தையோடு ஒப்பிடத்தக்க நடை. அமெரிக்கா, ரஷ்யா, சீனாவுக்குப் பிறகு இதைச் செய்த நான்காவது நாடு நாம். மார்ச் 13ஆம் தேதி பிரித்துவிட்டு, ஏப்ரல் 20ஆம் தேதி மீண்டும் ஒருமுறை இணைத்தும் காட்டினார்கள்.

12ஆம் தேதி பின்வாங்கியதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். அதற்கு ஒரு காரணம் உண்டு. டிரெயின் எக்ஸாமினராகச் சேர்ந்த புதிதில், ஒரு யார்டில் ஷண்டிங் நடந்துகொண்டிருந்தது. வண்டி ஏற்கனவே தாமதம். நடக்கிற வேகத்தில் வந்து தொட வேண்டிய பெட்டி கொஞ்சம் வேகமாக வருவது எனக்குத் தெரிந்தது. நிறுத்தச் சொல்லிக் கை காட்டியிருக்கலாம். "பரவாயில்லை, கப்ளர் தாங்கும்" என்று சும்மா இருந்துவிட்டேன். மோதிய மோதலில் கப்ளர் தாங்கியது. உள்ளே பெஞ்சைத் துடைத்துக்கொண்டிருந்த தொழிலாளி விழுந்து முன்பல் உடைந்தது. அவர் என்னிடம் ஒரு வார்த்தை கோபித்துக்கொள்ளவில்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. மூன்று மீட்டரில் நின்று, "இன்று வேண்டாம்" என்று பின்வாங்குகிறவனின் அருமை எனக்குத் தெரியும்.

கதை எதற்கு?

சுடுவது மட்டும் போதாதா, கதை எதற்கு என்று என் மகன் கேட்டான். கதை இல்லாவிட்டால் எதற்காகச் சுடுகிறோம் என்று தெரியாது என்றான் பேரன். எனக்கு அந்தப் பதில் பிடித்தது. நம் தமிழிலும் இதற்கு முன்னோடி உண்டு. பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் என்ஜினியராக இருந்த ரங்கராஜன், சுஜாதா என்ற பெயரில் 'என் இனிய இயந்திரா'வை 1980களில் ஆனந்த விகடனில் எழுதியபோது, ஜீனோ என்ற இயந்திர நாய்க்காக வாரம் தவறாமல் காத்திருந்தவர்களில் நானும் ஒருவன். எனக்கு ஜீனோ, அவனுக்கு ஸ்குவாட்ரன். வித்தியாசம், நான் அடுத்த வாரம் வரைதான் காத்திருந்தேன்.

வீட்டில் என்ன முடிவானது?

கப்பல் வாங்கித் தரவில்லை. ஆனால் வெறுங்கையோடும் அனுப்பவில்லை. 2020 மே மாதம் ஸ்பேஸ் எக்ஸ் நிறுவனம் ஒரு பயிற்சி விளையாட்டை இலவசமாக வெளியிட்டது. சர்வதேச விண்வெளி நிலையத்தோடு டிராகன் கலத்தைக் கையால் இணைக்கும் ஆட்டம். சாதாரணக் கம்ப்யூட்டரே போதும். ஒரு பைசா செலவில்லை. பேரனை உட்கார வைத்தேன். முதல் ஐந்து தடவையும் அவன் வேகமாகப் போய் நிலையத்தை இடித்தான். எதிரியைச் சுட்டுப் பழகிய கை. ஆறாவது தடவை, யார்டில் பல் உடைந்தவரின் கதையைச் சொன்னேன். "மக்கா, தொடப்போகும்போது வேகம் இருக்கக் கூடாது" என்றேன். அரை மணி நேரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓட்டி இணைத்துவிட்டான். அன்று இரவு, சுற்றுப்பாதையில் துரத்த ஏன் வேகத்தைக் குறைக்க வேண்டும் என்று தன் அம்மாவுக்குத் தமிழில் விளக்கினான். பள்ளியில் அவனுக்குத் தமிழ் கிடையாது, ஆங்கிலமும் மலையாளமும்தான். நிலைமம், சுற்றுப்பாதை, உந்துவிசை என்ற சொற்கள் சாப்பாட்டு மேசையில் அவன் வாயால் வந்ததைக் கேட்க எனக்கு நிறைவாக இருந்தது. இவ்வகையில் இன்னும் ஆழமாகப் போக விரும்பும் பிள்ளைகளுக்கு, 2015இல் முழுமையாக வெளிவந்த 'கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம்' என்ற விளையாட்டும் உண்டு. ராக்கெட்டைத் தாமே கட்டி, பறக்கவிட்டு, கவிழ்த்துக் கற்கலாம்.

2024 பிப்ரவரி 27ஆம் தேதி, ககன்யான் பயணத்துக்கான நான்கு வீரர்களின் பெயர்களைப் பிரதமர் அறிவித்ததும் நம் தும்பாவில்தான். அவர்களில் சுபான்ஷு சுக்லா 2025 ஜூனில் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குச் சென்று ஜூலையில் திரும்பினார். அவர் சென்றதும் டிராகன் கலத்தில்தான். பேரன் விளையாட்டில் ஓட்டி இணைத்த அதே வகைக் கலம்.

'ஸ்குவாட்ரன் 42' விஷயத்தில் எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம். வெளிவரட்டும். வந்த பிறகு, ஆடியவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று ஒரு மாதம் பார்ப்பது. நன்றாக இருக்கிறது என்றால் பாதிப் பணம் நான். மீதிப் பாதி அவன் சேர்த்து வைத்திருக்கும் விஷுக் கைநீட்டத்திலிருந்து. அதுவரை காத்திருக்க வேண்டும். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் ஒப்புக்கொண்டான். பிறகு, "தாத்தா, தும்பா மியூசியத்துக்கு மறுபடி போகலாமா? அந்தச் சர்ச்சைச் சரியாகப் பார்க்கவில்லை" என்றான்.

அடுத்த விடுமுறைக்குப் போவதாக இருக்கிறோம். ஐஸ்கிரீமும் உண்டு.